இரண்டு வண்டிகளும் ஒரு வாளியும்

எங்கள் சங்கத்தின் அத்தனை தலைவலிகளையும் சிரித்த முகத்தோடு சுமக்கும் விழாத் தலைவர், பெரியவர் சேக் பரீத் அவர்களே! ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடித்து, மலையிறங்கி நேரே மன்றம் வந்திருக்கும் தாய்மார்களே! கம்பம் வாடகைக் கார் ஓட்டுநர் தோழர்களே! பட்டறைக்காரன் காமராஜின் பணிவான வணக்கம்!

ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய நம் ஓட்டுநர் ஹக்கீமின் காருக்கு இன்று பூமாலை போட்டோம். மகிழ்ச்சி! ஆனால் என் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. அதே ஆண்டில், அதே நிறத்தில் தம்பி சுரேஷ்கண்ணன் வாங்கிய கார் ஏன் பாதித் தூரத்திலேயே படுத்துவிட்டது?

ஏறிய மலை வேறா? இல்லை, இருவருக்கும் கம்பம்மெட்டுதான்! ஊற்றிய ஆயில் வேறா? இல்லை, என் பட்டறையில்தான் தவறாமல் மாற்றினார்கள்! அப்படியானால் கவனிப்புக் குறைவா? அங்கேதான் ஐயா அதிசயம்! சுரேஷ்கண்ணன் தினந்தோறும் வாளியும் கையுமாக வண்டியைக் குளிப்பாட்டுவார். ஹக்கீமின் வண்டித் தூசியிலோ விரலால் பெயரெழுதலாம். பாஜிலாம்மா, கோபிக்காதீர்கள்! உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஊரறிந்ததைத்தானே சொல்கிறேன்?

ஒருநாள் சுரேஷ்கண்ணனின் மனைவி ஜோதிலட்சுமி பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, பிரேக் மிதிச்சா வண்டி உதறுது. பேரிங் மறுபடியும் போச்சு. இவுக வண்டிய இந்த வாரம் விக்கப் போறாக. வண்டி போனா நாங்க எங்குட்டுண்ணே போறது?"

அழுதுவிட்டார். எனக்கும் மனசு தாங்கவில்லை.

விட்டேனா நான்? மறுநாளே சுரேஷ்கண்ணன் ஓட்ட, அந்த வண்டியில் ஏறி மலைக்குப் போனேன். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். அடிவாரம் வந்ததும் வண்டி நின்றதா? இல்லை! நேரே முல்லையாற்றுக்குள் இறங்கியது! நான்கு சக்கரத்திலும் உஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"ஏலே, என்னப்பா செய்யிற?" என்று அலறினேன்.

"மலையிறங்கி வந்திருக்குல்லண்ணே, காந்தும். அதான் குளுப்பாட்டுறேன்."

அன்பு! அத்தனையும் அன்பு! ஆனால் கொதிக்கும் பிரேக் டிஸ்க் தகட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணாதா? சூடான பேரிங் சட்டென்று குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுக்காதா? கிரீஸ் கெடாதா?

ஹக்கீமிடம் ஓடினேன். "மலையிறங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"அங்கன ஓரமா நிப்பாட்டி, டீயக் குடிச்சிட்டு ஒரு தூக்கம் போடுவேன். உடனே கழுவ யாரால முடியும்?"

கைதட்டாதீர்கள், அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும்! அவருடைய சோம்பல், வண்டிக்கு ஓய்வாக அமைந்தது.

தோழர்களே! பிரேக்கைக் கொதிக்க விடாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். சக்கரம் ஆறட்டும். ஆறிய பிறகு ஆசை தீரக் கழுவுங்கள்!

தம்பி வண்டிக்கு டிஸ்க்கும் பேரிங்கும் மாற்றினோம். வண்டியை விற்கவில்லை. வாசலில் தூசியும் சேறுமாக நிற்கிறதே, அதுதான் அந்த வண்டி! இப்போதுதான் மலையிறங்கி வந்தது. சுரேஷ்கண்ணனுக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் முன்வரிசையைப் பாருங்கள்! ஜோதிலட்சுமி அம்மா எதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

வாளியை!

சக்கரம் ஆறும்வரை அதைக் கொடுத்துவிடாதீர்கள் தாயே! பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி, வாளி காத்த அந்தக் கைகளுக்குத் தனி வணக்கம் செலுத்தி விடைபெறுகிறேன்!