பத்து நிமிடக் கெடு

நான் நீட்டி முழக்குவேன் என்று தெரிந்தும் ஒலிபெருக்கியை என்னிடம் கொடுத்த துணிச்சல்மிக்க தலைவர், எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பணி முடித்த களைப்போடு வந்தமர்ந்திருக்கும் செவிலித் தாய்மார்களே! என்னோடு கேபிள் சுமக்கும் தோழர்களே! வணங்குகிறேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. வெளியே தூக்கிப் போகாதேம்மா, அழட்டும்.

நம் கிளை மருத்துவமனைக்கு இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம். அங்குள்ள நெட்வொர்க் கருவிகளை நாங்கள் இங்கிருந்தபடியே இயக்குகிறோம். அங்கே வாசலில் நிற்கும் காவல்தான் ஃபயர்வால். அந்த வாசல் எங்களுக்காகத் திறந்திருந்தது. எங்களுக்கு மட்டுமா? ஊர் உலகத்துக்கே திறந்திருந்தது! இனி எங்கள் அறையிலுள்ள ஒரே ஒரு கணினி வழியாக மட்டும், பூட்டிய பாதையில் நுழைவோம் என்று மாற்ற உட்கார்ந்தேன், சென்ற ஆண்டு ஒரு முற்பகலில்.

பக்கத்தில் புதிதாக வந்த பெண் பொறியாளர். எதைத் தொட்டாலும் கெடு வைப்பார். அதாவது, பத்து நிமிடத்தில் கருவி தானே அணைந்து எழுந்து பழைய நிலைக்குத் திரும்பும்படி முன்பே சொல்லிவைப்பது. வேலை சரியாக முடிந்தால் கெடுவை நீக்கிவிடலாம். அவருக்கு 'அலாரம்' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

"அண்ணா, கெடு வெச்சுட்டு ஆரம்பிக்கலாமே?"

"இருபது வருஷமா இதத்தாம்மா பண்றேன். எனக்கேவா?"

சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனேன். வந்தேன், அமர்ந்தேன், தட்டினேன். யாரையெல்லாம் உள்ளே விட வேண்டும் என்று முதலில் எழுதி, மற்றவரைத் தடு என்று கடைசியில் எழுத வேண்டும். ஐயா என்ன செய்தேன்? எல்லாரையும் தடு என்பதை முதலில் எழுதினேன்! சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவன் கதைதான். திரை உறைந்தது. நானும் வெளியே, இங்குள்ள கணினியில் சேமித்து அங்கே அனுப்பும் பரிசோதனை அறிக்கைகளும் வெளியே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். கைபேசி அடித்தது. என் தங்கையின் கணவர், கிளை மருத்துவமனையின் பிரசவ அறை வாசலிலிருந்து.

"மச்சான், அவளுக்கு உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்த ரிப்போர்ட் ஸ்கிரீன்ல வரமாட்டேங்குது. ஃபோன்ல சொல்றத நம்பி ரத்தம் ஏத்த முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. என்னன்னு கொஞ்சம் பாருங்க மச்சான்."

கெடுத்தவனிடமே கேட்கிறார்! அங்கே கருவியைச் சரிசெய்யத் தெரிந்த ஆளில்லை; நான் காரில் பறந்தாலும் ஆறு மணி நேரம். கூடப் பிறந்தவளை நானே கொன்றுவிட்டேனா?

பக்கத்தில் மெல்லிய குரல். "அண்ணா, கோச்சுக்காதீங்க. நீங்க டீ எடுக்கப் போனப்ப நான் கெடு வெச்சுட்டேன். இன்னும் நாலே நிமிஷம்."

தாய்மார்களே, அந்த நாலு நிமிடம் எவ்வளவு நீளம் தெரியுமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபயர்வால் அணைந்தது. எழுந்தது. என் தவறை மறந்தது. "வந்துடுச்சு மச்சான்!" என்ற சத்தம் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளே அந்த வேலையை முறையாக முடித்தோம். இன்று அந்த வாசல் எங்கள் ஒரு கணினிக்கு மட்டுமே திறக்கும். கதவை அடைக்கத் தெரிந்தால் போதுமா? அடைப்பவனுக்கும் கை தவறும் என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா? கெடு வைக்காமல் எங்கள் அறையில் இப்போது எவரும் விசையைத் தொடுவதில்லை, இந்த இருபது வருஷக்காரன் உட்பட.

தங்கச்சி, மூன்றாம் வரிசையில் அழுகிற உன் மகனை மேடைக்குக் கொண்டு வாம்மா. என்னிடம் வேண்டாம், முதலில் அலாரம் தூக்கட்டும். கைதட்டல் அவருக்கே. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி, வணக்கம்.