இதய நோய்க்கான கழிவு

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுகிறேன். தேநீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறேன். மனைவி போன பிறகும் இதில் எதுவும் மாறவில்லை.

இந்த ஆண்டு வரிக் கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்திருக்கிறேன். நீங்கள் வரி அதிகாரி என்பதால் அதை முதலில் சொல்கிறேன். சம்பளம், மாலையில் கடைகளுக்குக் கணக்கு எழுதி வந்தது, இரண்டையும் காட்டியிருக்கிறேன். ஒரு வரிக் கழிவை மட்டும் விட்டுவிட்டேன். மனைவி உயிரோடிருந்த மாதங்களுக்கு அவள் வைத்தியச் செலவைக் கழிக்கலாமாம். "விட்றாதப்பா, உனக்கு வரவேண்டியது" என்றார் பக்கத்து மேசைக்காரர். போடக் கை வரவில்லை.

போன ஆண்டு போட்டேன். மாலை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணம் வாடகைக்கே போயிருந்தது. மனைவிக்கு இதய நோய் என்று எழுதினேன். தெரிந்த மருத்துவர் சான்றிதழ் தந்தார். அவளுக்கு ஜலதோஷம்கூட அபூர்வம்.

வீட்டுக்கு நேரில் வந்து விசாரிப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் வேலை பார்ப்பது தணிக்கை அலுவலகம். பொய்க் கணக்கு என்று தெரிந்தால் அங்கேயும் வேலை இல்லை, வேறெங்கும் இல்லை. அவளிடம் சொன்னேன். திட்டித் தீர்த்தாள். பிறகு சிரித்தாள்.

"கல்லு மாதிரி இருக்கிறவளப் போயி நோயாளியாக்கிட்டீங்களே. சரி, முனகணுமா, சும்மா படுத்திருந்தா போதுமா?"

"முனகாத. ஓவரா இருக்கும்."

"உத்தரவுங்க டைரக்டர் சார்."

நீங்கள் வந்த அன்று போர்வைக்குள் படுத்தும் அவள் முகம் பளபளவென்றுதான் இருந்தது. யாரும் நம்பமாட்டார்கள். அப்பா சாப்பிட்ட இதய மாத்திரைகள் அலமாரியில் மிச்சமிருந்தன. பொடித்துப் பழச்சாற்றில் கலந்து கொடுத்தேன். சொன்னால் பயந்திருப்பாள், நடிப்பு கெட்டிருக்கும். எத்தனை போட்டேன் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

நீங்கள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். "என்னங்க, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? பத்திரமா பாத்துக்கங்க" என்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் எனக்குக் கண்ணடித்தாள். உங்களை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. மருத்துவமனை தெருமுனையில்தான். ஆனால் கொண்டுபோனால் ரத்தம் எடுப்பார்கள். எப்போதிலிருந்து நோய், இதுவரை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இப்போதும் நினைக்கிறேன்.

அதே மருத்துவர் இறப்புச் சான்றும் எழுதினார். பழைய நோய் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமியார் மட்டும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று. "அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா அத்தை" என்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது காதில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அவள் அதைச் சொல்லவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு போயிட்டாருல்ல... இப்ப நான் நடிக்கலங்க."