எண்பத்தைந்து கிராம்

முன்னேறி வரும் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரருக்கு முழுக்க மரத்தால் ஆன பிளேடுதான் நல்லது. பிளேடு என்பது ரப்பர் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் வெறும் மட்டை. உள்ளே கார்பன் இழை வைத்த பிளேடுகளும் கிடைக்கின்றன. அவற்றில் பந்து வேகமாகப் போகும், ஆனால் எப்படிப் போனது என்று கைக்குத் தெரியாது. மரம் அப்படியல்ல. பந்து எங்கே பட்டது, எவ்வளவு அழுந்தியது என்பதை உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். கற்றுக்கொள்கிற கைக்கு வேண்டியது அதுதான்.

டாக்டர், நீங்கள் கொடுத்த படிவத்தில், "நடுக்கம் எப்போது, எந்தச் சூழ்நிலையில் தொடங்கியது? உடனிருப்பவர் எழுதவும்" என்று ஒரு கேள்வி இருக்கிறது. பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அது போதாது என்பதால் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தனித்தாளும் இணைத்திருக்கிறேன். படிவத்தின் தலைப்பில் 'விபரம்' என்று அச்சாகியிருக்கிறது. 'விவரம்' என்று இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரிய படிப்புப் படித்தவர்களின் பிழைகளைத்தான் அதிகம் திருத்தியிருக்கிறேன்.

என் தங்கையை நீங்கள் மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். என்னைவிட ஏழு வயது சிறியவள். இங்கே பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்தாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குகிற வேலை. அவ்வளவு நிதானமான, சூடில்லாத கை, அவள் கையில் வெண்ணெயே உருகாது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்களாம். சொல்லட்டும். வேறு ஊரில் இருந்தவள், அம்மா இறந்த பிறகு என்னோடு வந்து சேர்ந்தாள். இறந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். அம்மாவுக்குக் கைநடுக்க நோய் வந்து ஆறு வருடம் நான் ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். இவள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "அம்மா சாப்பிட்டாங்களாக்கா?" என்பாள். சாப்பிட்டார்கள் என்பேன். யார் ஊட்டினார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நூலகத்தின் மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. இரண்டு மேசை, எட்டு டியூப்லைட், அதில் ஆறு எரியும். வேலை முடிந்து மாலையில் அங்கே போவேன். அங்கே வருடா வருடம் நடக்கும் போட்டியில் பெண்கள் பிரிவுக் கோப்பை பதினொரு வருடம் தொடர்ந்து என்னிடம்தான் இருந்தது. ஆட வருகிற பெண்களே நாலைந்து பேர்தானே என்று அங்கே வரும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் சொல்வார். மேலுக்கும் கீழுக்குமாகப் போய்வருகிறவருக்கு எண்ணிக்கைதான் தெரியும். தரம் வேறு.

தங்கை முதலில் என்னை அழைத்துப்போகத்தான் வந்தாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கூடத்தின் பொது மட்டையை எடுத்து, ரப்பர் உரிந்த பக்கத்தால் தட்டிப் பார்த்தாள். ஆறே மாதத்தில் மேசையின் இரண்டு பக்கமும் பந்தைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் படியிறங்கும்போது கேட்டாள்.

"அக்கா, எனக்குன்னு ஒரு பேட் வாங்கலாம்னு இருக்கேன். மெக்கானிக் அண்ணன் கார்பன் வாங்கச் சொல்றாரு."

"அவர் பந்து எங்க போய் விழுதுன்னு பாத்தியா? பாதி நேரம் அடுத்த மேசையில."

சிரித்தாள். "அப்ப நீயே பாத்து வாங்கிக் குடுக்கா. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

வாங்கிக் கொடுத்தேன். அன்று என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை; இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து அடுக்கு மரம், அடி விரிந்த கைப்பிடி. கடையில் ஒரே மாதிரியில் ஒன்பது பிளேடுகளை எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் பொறுமையிழந்து போனார். எல்லாம் ஒன்றுதானே மேடம் என்றார். மரம் விற்கிறவருக்கே மரம் தெரியவில்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு, ஒரே பெயர் என்றாலும் மரம் மரத்துக்கு எடை மாறும். தராசில் வைக்கச் சொன்னேன். எண்பத்தைந்து கிராமில் இருந்ததை எடுத்தேன். அவள் மணிக்கட்டுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

மிக நன்றாகப் பொருந்திவிட்டது. அடுத்த வருடக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே அவள்தான் நின்றாள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தாள். கடைசி ஆட்டம் பதினொன்றுக்கு நான்கு. எனக்கு அன்று லேசான காய்ச்சல். ஆட்டம் முடிந்ததும் மேசையைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீ வாங்கிக் குடுத்த பேட்டுதான்கா ஜெயிச்சுது."

நல்ல மனதோடுதான் சொன்னாள். நல்ல மனம் படைத்தவர்களுக்கு யோசிக்கிற தொல்லை கிடையாது. எல்லோரும் வெகுநேரம் கைதட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இனிமே நீங்க இங்க உக்காந்து ஸ்கோர் சொல்லலாம்க்கா, கால் வலிக்காது" என்றார். கூடமே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். கொஞ்சம்தான், ஆனால் சிரித்தாள்.

அந்த வாரமே கடைக்குப் போய் அதே பிளேடில் இன்னும் இரண்டு வாங்கினேன். ஒன்று எழுபத்தாறு கிராம், ஒன்று தொண்ணூற்று நான்கு. அதே ரப்பரை வாங்கி ஒட்டினேன். புது ரப்பரின் பளபளப்புப் போக உள்ளங்கையால் மூன்று நாள் தேய்த்தேன். அவள் மட்டையின் விளிம்பில் மேசை இடித்த தழும்பு இருந்தது. கைப்பிடியில் பேனாவால் வைத்த நீலப் புள்ளி இருந்தது. இரண்டையும் மற்றவற்றில் அப்படியே ஏற்றினேன். மூலத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். வித்தியாசம் இல்லாமல் செய்வது அதைவிட எளிது என்று அப்போதுதான் தெரிந்தது.

இதில் யாருக்கும் அடி இல்லை, ரத்தம் இல்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். அவள் பையில் இருக்கும் மட்டையை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். லேசான மட்டை இருக்கிற நாளில் கை முந்திப்போகும், பந்து மேசையைத் தாண்டும். கனமானது இருக்கிற நாளில் கை பின்தங்கும், பந்து வலையில் விழும். நடுவே ஒரு நாள் அவளுடைய சொந்த மட்டையையே வைப்பேன். அன்று பிரமாதமாக ஆடுவாள். அந்த நாள் மிகவும் முக்கியம். அது இல்லாவிட்டால் மட்டையைச் சந்தேகப்பட்டிருப்பாள். அது இருந்ததால் தன்னையே சந்தேகப்பட்டாள்.

"நேத்து இருந்த கை இன்னிக்கு இல்லக்கா" என்றாள் ஒரு மாலை.

நான் அவள் வலது கையை மட்டும் பார்த்தேன், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அம்மாவும் ஒரு தடவ இதையேதான் சொன்னாங்க."

அம்மா அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டால், சொல்லியிருக்கக்கூடும். ஆறு வருடத்தில் எத்தனையோ சொன்னார்கள். கேட்க அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான்.

அதன் பிறகு டீயைக் கோப்பையின் விளிம்பு வரை ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். விளிம்பு வரை நிறைந்த கோப்பையை யார் தூக்கினாலும் சிந்தும். உங்கள் கையிலும் சிந்தும். அவள் சிந்தியதும் துணி எடுத்துவந்து துடைப்பேன். திட்டியதில்லை. ஒரு மாதத்தில் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினாள். லேபில் மெழுகுப் பல் ஒன்று உடைந்தது. பிறகு ஒரே நாளில் மூன்று. முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பி, டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். உங்களுக்கு முன்னால் பார்த்தது நாங்கள் வழக்கமாகப் போகும் கடைவீதி டாக்டரைத்தான். எதற்கெடுத்தாலும் ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறவர். அவர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டது உண்மை. "உங்க தங்கைக்கு ஒண்ணும் இல்ல. கையப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

"அவரு உன்கிட்ட தனியா என்னக்கா சொன்னாரு?"

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

இரண்டு நிறுத்தம் தாண்டின. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மாவுக்கு வந்ததாக்கா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது பொய் சொல்வதாகுமா, டாக்டர்? அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் ஒருத்தி, கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தன் மகளிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து மட்டைகளை மாற்றி வைக்கும் அவசியமே இல்லாமல் போயிற்று. கை தானாகவே நடுங்கியது. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். கையெழுத்து உடைந்து உடைந்து விழுந்திருந்தது. அந்தக் கடிதத்தை நான்தான் திருத்தினேன். இப்போது நான் ஊட்டுகிறேன், தலை பின்னிவிடுகிறேன், பொத்தான் போட்டுவிடுகிறேன். வாய் திறந்து காத்திருக்கிறாள். ஊட்டுவது என்றால் என்ன என்று அவளுக்கு இப்போது ஒரு பக்கமாவது தெரிந்திருக்கும். மறுபக்கம் எனக்கு முன்பே தெரியும்.

லிஃப்ட் மெக்கானிக் ஒரு முறை வீட்டுக்கு வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த மட்டையை எடுத்துக் காற்றில் வீசிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது அவங்க பேட்டா? கல்லு மாதிரி கனக்குதே."

"கையில தெம்பு இல்லாதவங்களுக்குத்தான் கனமாத் தெரியும்னு நெனச்சேன். உங்களுக்குமா?"

அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். உண்மை கையில் உட்கார்ந்திருந்தும் தெரியாத மனிதர். அவர் பார்த்துக்கொள்கிற லிஃப்டில் ஏறுகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உங்களிடம் வருவதற்கு ஏற்பாடு செய்தவர் லேப் முதலாளி. நீங்கள் தலையைப் படம் எடுத்தீர்கள், ஊசி குத்தி நரம்பைப் பார்த்தீர்கள். ஒன்றும் இல்லை என்றீர்கள். நோய் உடம்பில் இல்லை, மனதில் ஏதோ பயம் உட்கார்ந்திருக்கிறது, மூன்று வாரம் இங்கேயே சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டார் யாரும் வரக்கூடாது என்றீர்கள். நான் இதையெல்லாம் எழுதுவது அதனால்தான். காரணம் தெரியாமல்தானே சேர்க்கச் சொல்கிறீர்கள். காரணம் இப்போது தெரிந்துவிட்டது. மட்டையை மாற்றியது நான். கோப்பையை நிரப்பியது நான். இல்லாத நோயை இருக்கிறதென்று அவளை நம்பவைத்தவளும் நான். கண்டுபிடிக்க இனி ஒன்றும் இல்லை, ஆகையால் மூன்று வாரமும் தேவையில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உடைந்துபோவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடும். டாக்டர்களுக்கு ஒரே வார்த்தையில் முடிக்கிற பழக்கம் உண்டு. பொறாமைப்பட அவளிடம் என்ன இருந்தது? நான் தேர்ந்தெடுத்த மட்டை, நான் சொல்லிக்கொடுத்த ஆட்டம், ஒரே ஒரு கோப்பை.

பிடித்த எதையாவது செய்ய வையுங்கள் என்று போன முறை நீங்கள் சொன்னீர்கள். அதையும் தட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கைத்தாங்கலாக நூலக மாடிக்கு அழைத்துப் போனேன். அவளுடைய சொந்த மட்டையைத்தான் கொடுத்தேன். ஆட்டம் என்றால் நியாயம் வேண்டும். ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயிப்பவருக்கு வெற்றி என்று முறைப்படி வைத்துக்கொண்டோம். சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிந்தாள், அது அவள் தோளுக்குப் பின்னால் போய் விழுந்தது. அடுத்த மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடி எடுத்துவந்து மறுபடி எறிந்தாள். "போதும்க்கா" என்று இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஒரு முறை சொன்னாள். பாதியில் விடக்கூடாது என்றேன். பதினொன்று இரண்டு, பதினொன்று பூஜ்யம், பதினொன்று ஒன்று. மூன்றும் எனக்குத்தான். பல வருடமாக நான் அவ்வளவு சுத்தமாக ஆடியதில்லை. ஒரு பந்துகூட வீணாகப் போகவில்லை. சுவரோரம் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. ஆட்டம் தெரியாதவர்கள்.