நடுரோட்டில் சந்திரம்மா

— இறக்கு. இங்கியே இறக்கு. டேய் தமிழ்வாணா, தலமாட்ட பாத்து வை, அவ இன்னா சிமெண்ட் மூட்டயா? ஆங், நடு ரோட்லதான். நான் சொல்றேன், வை.

— ஸார், ஸார், ஒரு நிமிஷம்! பெட்டிய இங்க வைக்கக் கூடாது. பின்னாடி வண்டிங்க மாமல்லபுரம் வரைக்கும் நிக்குது.

— நிக்கட்டும். நீ யாரு?

— ரோகிணி. இந்த ரோடு வேலைக்கு சைட் இன்ஜினியர். நீங்க சாலமோன்தானே? உங்கள எனக்குத் தெரியும்.

— தெரியாம இன்னா? இந்தக் கேப்ப மூடாத, மூடாதன்னு கொடி புட்ச்சிகினு வெயில்ல நின்னவன் நான்தானே. நேத்து சாயந்திரம் வரைக்கும் டிவைடர் நடுவுல ஆளு தாண்டறதுக்கு வழி இருந்துச்சி. என் பொண்டாட்டி செத்த மறுநாள் பாத்து, காலீல கிரேன்ல தூக்கியாந்து ஆளு ஒசரத்துக்கு காங்க்ரீட் செவுரு நட்டுட்ட. இன்னா, மோப்பம் புட்ச்சிகினு வந்தியா?

— உங்க வீட்ல சாவுன்னு எனக்கு எப்படி ஸார் தெரியும்? போன வாரமே முடிவான வேலை இது. நீங்க சுத்திப் போங்க. யூ டர்ன் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. வண்டி நான் ஏற்பாடு பண்றேன். முன்னாடி எங்க ஜீப் போகும், யாரும் மறிக்க மாட்டாங்க.

— இன்னா சொல்ற நீ? செவுத்துக்கு மேல, எதிர் மேட்டுல பாரு. அந்த சவுக்குத் தோப்புக்கு முன்னாடி வெள்ள சிலுவ தெரியுதா? அதான் எங்க கல்லற. பாஸ்டர் பைபிள தொறந்து வெச்சிகினு நிக்கறாரு. இங்கேர்ந்து கூப்ட்டா அவரு காதுல வுயும். அங்க போறதுக்கு நான் ரெண்டு கிலோமீட்டர் போயி, ரெண்டு கிலோமீட்டர் திரும்பி வரணுமா? பொணத்த தூக்கிகினு ஊர்கோலமா?

— கோவம் புரியுது ஸார். ஆனா டெக்னிக்கலா பாத்தா...

— டெக்னிக்கலு மயிரு! நீ எந்த ஊரு?

— கல்பாக்கம். டவுன்ஷிப்ல வளர்ந்தேன்.

— அதான பாத்தேன். எங்க அக்கா அந்த டவுன்ஷிப்ல பாத்திரம் கழுவித்தான் கை வெந்து போச்சி. உங்க வூடாக்கூட இருக்கும். கேட்டுக்கோ. ஊர் சுடுகாட்டுக்கு எங்க பொணம் வரக் கூடாதுன்னாங்க. எங்க தாத்தன் காலம் முச்சூடும் அடுத்தவன் வயல்ல நட்டவன். செத்தா படுக்கறதுக்கு ஒரு அடி மண்ணு கெடையாது. மிஷன்காரங்க பாத்து குட்த்த மணல் மேடு அது. அப்ப இங்க ரோடே இல்ல, மாட்டு வண்டித் தடம். தடம் தார் ரோடாச்சி. தார் ரோடு ஈசிஆர் ஆச்சி. இப்ப நாலு ஸ்டேட்டுக்கு ஒரே ரோடுங்கற. ஒவ்வொரு தபா அது அகலமாவும்போதும் ஒதுங்கனது யாரு? ரிசார்ட்டுக்காரனா ஒதுங்கனான்?

— இது ஒரு ஊருக்கான ரோடு இல்ல ஸார். வங்காளத்துலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் போகுது. நூறு ஸ்பீடுல வர்ற வண்டிக்கு நடுவுல ஒரு கேப் விட்டு வைக்க முடியாது.

— கன்னியாகுமரிக்குப் போறவன் போட்டும். யாரு வேணாம்னா? நான் எதிர்ப் பக்கம் போவணும். அவ்ளோதான்.

— அந்தக் கேப்ல ஆளுங்க செத்துப் போறாங்க ஸார். உங்க காலனி ஆளுங்கதான். உங்களுக்கே தெரியும்.

— எனக்கா? எனக்கா சொல்லிக் குடுக்கற? எம் பொண்ணு சிநேகா நாவலூர் கம்பெனி வேன்லேர்ந்து எறங்கி, வூட்டுக்கு வர்றதுக்கு இங்கதான் தாண்டனா. நெல்லூர் லாரி ஒண்ணு. டிபன் பாக்ஸு அந்தாண்ட கெடந்துது, செருப்பு இந்தாண்ட கெடந்துது. பொறுக்கனவன் நான். நீ பாடம் நடத்தறியா?

— ...ஸாரி ஸார். ஆனா அப்பறமும் ஏன் இத தொறந்தே வைக்கச் சொல்றீங்க?

— அவ அந்தாண்ட படுத்துகினு கீறா. அவள போய்ப் பாக்கறதுக்கு எனக்கு வேற வழி எது? இப்ப இவள கொண்டு போயி பொண்ணு பக்கத்துல வெக்கணும். பேசிகினே நின்னா பொழுது போயிடும். டேய் ஜோஷ்வா! இன்னாடா பராக்கு பாத்துகினு கீற? கடப்பார எட்த்தா. பொட்டி நொயையற அளவுக்கு ஒடச்சா போதும்.

— நைனா... வேணாம் நைனா. சுத்தியே போயிடலாம்.

— இன்னாது? பெத்தவள பொதைக்கறதுக்கு உனக்கு கை நோவுதா?

— அது இல்ல நைனா. கேஸு கீஸுன்னு ஆயிடும்.

— ஆவட்டும். நீ கவர்மெண்ட் வேலைக்கா போவப் போற?

— உடைச்சா நிச்சயமா கேஸ்தான் ஸார். எஸ்.ஐ. திருப்போரூர்லேர்ந்து கிளம்பிட்டாரு. நான் கம்ப்ளெய்ண்ட் குடுக்காம இருந்தாலும் கம்பெனி விடாது.

— மெரட்றியா? வரச் சொல்லு உன் எஸ்.ஐ.ய. சந்திரம்மா புருசன் சாலமோன் ஒடச்சான்னு பேரு போட்டு எழுதிக்கச் சொல்லு.

— யாரு?

— இன்னா யாரு?

— இறந்தவங்க பேரு சந்திரம்மாவா? கொஞ்சம் கால இழுத்து நடப்பாங்களே, அவங்களா?

— உனக்கு எப்டித் தெரியும்?

— ஸார், முகத்த ஒரு தடவ பாக்கலாமா?

— எதுக்கு? வேடிக்கையா?

— ப்ளீஸ் ஸார்.

— ஜெரோம், துணிய வெலக்கு. பாத்துக்கோ. நல்லா பாத்துகினு செவுத்த எடு.

— ...இவங்கதான்.

— இன்னா இவங்கதான்? வாயத் தொறந்து சொல்லு.

— உங்க மனைவின்னு எனக்குத் தெரியாது ஸார். சந்திரம்மான்னு பேரு மட்டும்தான் சொன்னாங்க. எங்க சைட் ஷெட்டுக்கு வருவாங்க. ஜல்லிக் குவியல் பக்கத்துல தரையில உக்காந்துப்பாங்க. சேர் போட்டாலும் உக்கார மாட்டாங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் அப்படியே இருப்பாங்க.

— என் பொண்டாட்டி? உன் ஷெட்டுக்கா? வாய அலம்பிகினு பேசு.

— கேப்ப மூடச் சொல்லிக் கேக்கறதுக்குத்தான் வந்தாங்க.

— பொய்யி.

— "என் பொண்ண குட்த்தது போதும், இன்னொருத்தி பொண்ணு இங்க கெடக்கக் கூடாது, செவுரு வெச்சிடும்மா"ன்னு சொன்னாங்க. இந்த இடம் கடைசியா செய்ய வேண்டியது. அவங்க அவ்வளவு கேட்டதாலதான் முன்னாடி எடுத்தோம்.

— பொய்யி! செத்தவ எழுந்து வந்து இல்லன்னு சொல்ல மாட்டான்னு அவ மேல பழி போடற. நான் வெளிய கொடி புட்ச்சிகினு நிக்கறேன், என் பொண்டாட்டி பின்னால வந்து மூடுன்னு சொல்லுவாளா? ஒரே வூட்ல ரெண்டு கட்சியா? அவளுக்கு சண்ட போடணும்னா என்னாண்டயே போடுவா. காலனி பூரா கேக்கும் அவ தொண்ட.

— நைனா.

— நீ சும்மா இருடா.

— நைனா, நான்தான் இட்டுகினு போனேன்.

— ...இன்னாது?

— அம்மாவ. வண்டில. மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு இட்டுகினு போவேன். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சிநேகா மேல சத்தியம் வாங்கிகினுச்சி.

— என்னாண்ட ஏன்டா சொல்லக் கூடாது?

— கேட்டேன் நைனா. "உங்க நைனா கல்லறைக்கு வழி கேக்கறாரு. நான் கல்லறைக்கு இனிமே புள்ளைங்க போவ வேணாங்கறேன். இத எப்டிடா அவராண்ட பேசறது"ன்னு சொல்லிச்சி.

— ஸார், கீழ உக்காராதீங்க, ரோடு கொதிக்குது. யாராவது தண்ணி கொண்டு வாங்கப்பா. ஸார், கையக் குடுங்க.

— தொடாத.

— நைனா, எந்திரி. தூக்கச் சொல்லட்டா? மெதுவா சுத்திப் போலாம். அம்மாவுக்கும் அதான் புடிக்கும்.

— இரு. இருடா. ஏ மேடம்.

— சொல்லுங்க ஸார்.

— மூடச் சொன்னா. சரி. எம் பையன் பொய் சொல்ல மாட்டான். ஆனா ஞாயித்துக்கெயம தவறாம பொண்ணுக்கு பூ எட்த்துகினு போனவ அவ. காய்ச்சலோட போனவ. மூடிட்டா அவ எப்டிப் போவா? அத யோசிக்காமலா மூடச் சொன்னா? சந்திரம்மா ஒண்ணு கேட்டா, கூடவே இன்னொண்ணு கேட்டுருப்பா. அவளோட குடும்பம் நடத்தனவன் நான். இன்னா கேட்டா?

— முதல்ல நிழலுக்கு வாங்க ஸார், அப்பறம் பேசலாம்.

— பேச்ச மாத்தாத. டெக்னிக்கலா சொல்லு.

— சப்வே கேட்டாங்க.

— இன்னா?

— ரோட்டுக்கு அடியில நடந்து போற வழி. செவுரும் சப்வேயும் சேந்து வரணும்னு கேட்டாங்க. நான் டிராயிங்ல போட்டேன் ஸார். சத்தியமா போட்டேன். அவங்க நின்னு காட்டின இடத்துலயே போட்டேன்.

— எங்க அது?

— மேல ஆபீஸ்ல மாத்திட்டாங்க. இங்க ஆள் நடமாட்டம் கம்மின்னு சொல்லி ரிசார்ட் வாசலுக்குத் தள்ளிட்டாங்க. மறுபடியும் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.

— இது அவளுக்குத் தெரியுமா?

— வந்துடும்னு சொல்லி வெச்சேன்.

— வந்துடும்னு சொன்ன. அவளும் நம்பிகினு வூட்டுக்கு வந்தா.

— அவங்க முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல வரல ஸார்.

— நைனா, எஸ்.ஐ. ஜீப்பு வந்துட்ச்சி. பசங்க கடப்பாரயோட நிக்கறாங்க. இன்னா பண்றது சொல்லு.

— கீழ போடச் சொல்லு. ஒருத்தனும் அந்த செவுத்த தொடக் கூடாது, அது அவ கேட்டு வாங்கனது. ஜெரோம், பந்தல்காரனாண்ட ஓடு, ஷாமியானாவும் ஐஸ் பொட்டியும் கொண்டாரச் சொல்லு. ஏ மேடம், உன் மேல ஆபீஸுக்கு போன் போடு. சந்திரம்மா சப்வேலதான் போவாளாம், அது வர்ற வரைக்கும் நடு ரோட்ல காத்துகினு கீறான்னு சொல்லு.