நூலக மாடியில் ஒரு கைப்பிடிச்சுவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மரியாதைக்குரிய பேராயர் அவர்களே, எங்கள் இறையியல் கல்லூரியின் முதல்வர் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மேஸ்திரி அவர்களே, முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே, அண்ணிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் யூத ஆலயத்தின் ரபீ அவர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நினைவுக் கூட்டம் நேற்று நடந்திருக்க வேண்டியது. அழைப்பிதழில் சனிக்கிழமை என்று போட்டவன் நான். அச்சுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், அண்ணி தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். "தம்பி, சனிக்கிழமைன்னு போட்டிருக்கீங்களே, அன்னைக்கு ரபீக்கு ஓய்வுநாளாச்சே, அவர் எப்படி வருவாரு? அவர் இல்லாம உங்க அண்ணனுக்கு ஒரு கூட்டமா?" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றி மறுபடியும் அச்சகத்துக்கு ஓடினேன். முப்பத்தோரு ஆண்டுகள்! மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கற்பித்த மாமனிதரின் பக்கத்து அறையில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுநாள் எது என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை! அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நண்பர்களே, கூடப் பிறக்காத அந்த அண்ணன் யார்? கல்லூரிப் பதிவேட்டில் அவர் பேராசிரியர். உங்கள் வாயில் அவர் 'சுவர் வாத்தியார்'. அந்தப் பெயரை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவரோ ஒருநாள் தாமே அதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெயரை எனக்கு எந்தப் பட்டத்தைவிடவும் பிடிக்கும். அது எப்படி வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கதையில் தோற்றவன் நான்.

நான் புதிய ஏற்பாட்டுக் கடிதங்களான நிருபங்கள் நடத்துகிறவன். கிருபை, விசுவாசம், விடுதலை, இவைதான் என் பாடம். அவர் என்னைக் 'கிருபைக்காரர்' என்றுதான் கூப்பிடுவார். அவர் பாடமோ சட்டம். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்புப் பலகை. அவர் வகுப்பில் சொல்வதற்கு நான் என் வகுப்பில் பதில் சொல்வேன். நான் சொல்வதற்கு அவர் பலகையைத் தட்டுவார். மாணவர்கள் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

எங்கள் நூலகம் கட்டிய ஆண்டு. கட்டடக் குழுவுக்கு நான் தலைவன். மூன்று மாடி. மொட்டைமாடியில் நான்கு பெஞ்சுகள், மாலையில் உட்கார்ந்து படிப்பதற்கு. திறப்பு நாள், ரிப்பன் கட்டியாகிவிட்டது, விருந்தினர்கள் வந்தாகிவிட்டது. மாடியில் நின்று பிரதிஷ்டை ஜெபம் செய்ய வேண்டியவர் அண்ணன். மனிதர் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்!

"அண்ணே, எல்லாரும் காத்திருக்காங்க, எழுந்து வாங்க."

"மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எங்க?"

"அது அடுத்த வருஷம் கட்டிக்கலாம்னு குழுவுல முடிவாயிருக்கு."

"புதுசா கட்டினா சுவரோட கட்டணும், அங்கிருந்து ஒருத்தன் விழுந்தா அந்த ரத்தப்பழி கட்டினவன் மேலன்னு மோசேயோட சட்டத்துல இருக்கே. நீங்க படிச்சதில்லையா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விருந்தினர்கள் முன்னால் மானம் போகிறது. நானும் விடவில்லை. "அண்ணே, அது அந்தக் காலத்து இஸ்ரவேலுக்குச் சொன்னது. நம்மளக் கிருபை நடத்துது, சட்டம் இல்ல" என்றேன்.

அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். "கிருபைக்காரரே, விழுந்தவனைக் கிருபை தாங்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. விழாம இருக்க சுவர் கட்ட வேண்டியது யாரு?"

தலைமை விருந்தினர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். அன்று மேலே யாரும் ஏறவில்லை. பதினோரு நாளில் மேஸ்திரி சுவரை எழுப்பினார். எழுப்பிவிட்டு அவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்க, இப்படி ஒரு சட்டம் உங்க வேதத்துல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முதல்லயே கட்டியிருப்பேனே? சாமி ஜெபம் பண்ணச் சொல்லும், மனசு சுத்தமா இருக்கச் சொல்லும்னு நெனச்சேன். என் வேலையப் பத்தியும் சொல்லியிருக்கா?" அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதத்தாங்க நான் இத்தனை வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்" என்றார்.

சுவரைப் பார்க்க ரபீ வந்தார். வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, ரபீயின் புத்தக அறையில், ஒரே மேசையில் இருவரும் ஒரே சட்டத்தைப் படித்துச் சண்டை போடுவது இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். ரபீ தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்து அளந்தார். பத்து உள்ளங்கை உயரம் இருக்க வேண்டும், ஒருவர் சாய்ந்தால் தாங்க வேண்டும் என்பது அவர்கள் மூத்தோர் வகுத்த கணக்காம். "உயரம் சரியா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. குடியிருக்கிற வீட்டுக்குத்தான் இந்தச் சட்டம். படிப்புக்கூடத்துக்கும் ஜெபக்கூடத்துக்கும் எங்க பெரியவங்க விலக்கு கொடுத்திருக்காங்க" என்றார்.

எப்பேர்ப்பட்ட அடி! விருந்தினர்களைப் படியில் நிறுத்தி, என் மானத்தை வாங்கி, மனிதர் கட்டிய சுவர் சட்டத்தின்படி கட்டாயமே இல்லையாம்! அங்கே இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். மூடி மறைத்திருக்கலாம். என் அண்ணன் என்ன செய்தார்? மறுநாள் காலை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "நான் சட்டத்தைத் தப்பா சொல்லிட்டேன், கிருபைக்காரர் என்னை மன்னிக்கணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்! அப்புறம் சொன்னார்: "ரபீகிட்ட, அப்போ சுவரை இடிச்சிரலாமான்னு கேட்டேன். அவர் திட்டினாரு. விலக்கு கூடத்துக்குத்தான், ஆள் விழுற ஆபத்துக்கு இல்ல, ஆபத்து இருக்கிற இடத்துல அதை நீக்க வேண்டியது தனிக் கடமைன்னாரு. பாத்தீங்களா, தப்பு பண்ணினதால இன்னொரு சட்டம் கத்துக்கிட்டேன்." அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தோற்றதற்கு இவ்வளவு மகிழ்ந்த ஓர் அறிஞரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில் இருந்தார். அதில் எனக்குத் தீராத பெருமை!

நானோ அன்று மதியமே என் வகுப்பில், "சட்டம் படித்தவரே சட்டத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார்" என்று எகத்தாளம் பேசினேன். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகவே பேசினேன். அன்று பலகையில் தட்டு விழவில்லை.

யூதர்களுக்குச் சட்டம் ஒரு நுகம், தலையில் சுமந்த பாரம் என்று நாம் பிரசங்கபீடத்திலிருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! நானும் சொல்லியிருக்கிறேன். அண்ணன் கேட்பார்: "அவங்களைக் கேட்டீங்களா? வியாழக்கிழமை வந்து பாருங்க. ரபீ ஒரு வரியைப் படிச்சிட்டு, பேரப்பிள்ளையத் தூக்கின மாதிரி சிரிக்கிறாரு." அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "எகிப்துல அடிமையா இருந்தவங்கள ஆண்டவர் முதல்ல விடுதலை பண்ணினாரா, முதல்ல சட்டம் குடுத்தாரா?" விடுதலைதான் முதலில். கடலைக் கடந்த பிறகுதான் மலைமேல் சட்டம் கொடுத்தார். "அப்போ அங்கயும் கிருபைதானே முந்திக்கிச்சு? அப்புறம் எதுக்குய்யா நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை?" என்பார். இறைவனை நேசி, பிறனை நேசி என்று நம் ஆண்டவர் சொன்ன இரண்டையும் மோசேயின் சட்டத்திலிருந்துதானே எடுத்தார் என்பார்.

அதற்காக அவர் எல்லை மீறியதில்லையா? ஒருமுறை மீறினார்! ஓர் ஆண்டு முழுக்க யூதர்களின் உணவுச் சட்டங்களையெல்லாம் கைக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ரபீயே வீட்டுக்கு வந்துவிட்டார். "உங்களை யாரு கேட்டா? இது எங்க குடும்பத்துக்கு வந்த கடிதம். நீங்க படிங்க, சந்தோஷப்படுங்க. ஆனா உறையில உங்க பேர் இல்ல. யூதரல்லாதவங்க இதைச் சுமக்க வேண்டாம்னு உங்க முதல் சபையே கூடி முடிவு பண்ணலையா?" என்றார். அன்றைக்கே விட்டார் அண்ணன். சமையலறையிலிருந்து அண்ணி ரபீயைக் கையெடுத்துக் கும்பிட்டார்களாம்! அதன் பிறகு வகுப்பில் அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: இந்தச் சட்டம் முதலில் அவர்களுடையது, அதைப் பிடுங்கிக்கொள்ளாதே, இந்தச் சட்டம் நம் வேதத்திலும் இருக்கிறது, அதைத் தூக்கி எறியாதே.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் பாடத்திட்டக் குழு கூடுகிறது. நியாயப்பிரமாண வகுப்பைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு கடிதம் அதன் முன் இருக்கிறது. அந்தக் கடிதம் அண்ணன் உயிரோடு இருந்தபோது எழுதியது. எழுதியவன் நான்.

அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்னோடு தேநீர் குடித்தார். தெரிந்தும் என் மகள் திருமணத்துக்கு வந்து கடைசிப் பந்திவரை நின்று பரிமாறினார். ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை! இனி அந்த வகுப்பை நடத்த ஆள் இல்லை. என் கடிதம் நிறைவேறிவிடும். நான் ஜெயித்துவிடுவேன். அண்ணி, என்னை மன்னியுங்கள். அந்த வெற்றி எனக்கு வேண்டாம்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இந்தச் சபையில் சொல்கிறேன். சுவர் கட்டி முடித்த அன்று, அண்ணன் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். "தாங்குதான்னு ஒருத்தர் சாஞ்சு பாத்தாத்தான் சுவர். நீங்க சாஞ்சு பாருங்க கிருபைக்காரரே" என்றார். நான் வீம்புக்கு, "எனக்கு வேற வேலை இருக்கு" என்று இறங்கி வந்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அதே மாடியில், விடைத்தாளோடு நடந்துகொண்டிருந்தவனுக்குத் தலை சுற்றியது. கண் இருண்டது. கால் எங்கே போனது என்றே தெரியவில்லை. நினைவு வந்தபோது என் முழு உடம்பும் அந்தச் சுவர்மேல் கிடந்தது. விடைத்தாள்கள் மூன்று மாடிக்குக் கீழே தரையில் சிதறிக் கிடந்தன. நான் கிடக்க வேண்டிய இடத்தில்!

கீழே போய் அவற்றைப் பொறுக்கினேன். அண்ணனும் வந்து கூடக் குனிந்து பொறுக்கினார். "காத்தா?" என்று கேட்டார். "ஆமா அண்ணே, காத்து" என்றேன். மூன்று ஆண்டுகள் பக்கத்து அறையில் இருந்தேன்; ஒரு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் போய்விட்டார்.

முதல்வர் அவர்களே, என் கடிதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். அந்த வகுப்பு இருக்கும். ஆள் வேண்டுமென்றால் நான் நடத்துகிறேன். சிரிக்கிறீர்கள், ஓய்வுநாளைக்கூட மறந்தவனா நடத்துவது என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான். அதனால் முதலில் படிக்கப்போகிறேன். ரபீ அவர்களே, உங்கள் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் தகுதி எனக்கு இல்லை. உட்காரவாவது விடுவீர்களா?

ரபீ ஏதோ சொல்கிறார்... நண்பர்களே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "மூணு மணின்னா மூணு மணி, அவர் ஒருநாளும் தாமதமா வந்ததில்ல" என்கிறார். வருகிறேன் ஐயா. இந்த வியாழக்கிழமையே வருகிறேன்.

பேராசிரியர் என்று ஊர் போற்றிய பெருந்தகையே! எங்கள் சுவர் வாத்தியாரே! உங்களோடு வழக்காடியது என் பெருமை, உங்களிடம் தோற்றது அதைவிடப் பெருமை. நீங்கள் வைத்த பாடம் ஒரு நாளும் நிற்காது. இது இந்தச் சபை சாட்சியாக நான் கொடுக்கும் வாக்கு. கடைசியாக, அன்று நீங்கள் என்னிடம் கேட்டுவிட்டு மாடியில் தனியாக நின்றீர்களே, அதற்குப் பதில்.

சாய்ந்து பார்த்தேன், அண்ணே. தாங்குகிறது.