கடல்குதிரைக்கு வேகம் ஆகாது

கடல்குதிரை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, பெரிய பம்பு வாங்குவது. பெயரில்தான் குதிரை ஐயா, நீச்சலில் நத்தைக்குத் தம்பி. தண்ணீர் வேகமாக ஓடினால் இரை வாய்க்கு எட்டாது. எதையாவது வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கும். அதற்காக ஓட்டமே இல்லாமல் விடவும் முடியாது, தொட்டி நாறிவிடும். நான் சின்னப் பம்பை வாங்கி, அதன் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீர் மோதி, சாந்தமாகித் திரும்பும். பம்பு ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கே தெரியாது. உறிஞ்சுகிற பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வால் சிக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் என் மனைவிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எங்கள் ஜோடிக் கடல்குதிரைகள் ஒட்டிக்கொண்டது அவளிடம்தான். காலையில் அவள் வந்து நின்றால் இரண்டும் தொட்டியில் அவள் நிற்கிற மூலைக்கு வரும். பெண் கடல்குதிரை இன்னும் வந்து காத்திருக்கிறது. நான் போனால் விலகிவிடுகிறது. ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும் என்று தெரிந்த அன்று, "ஆம்பளைங்கள்ல இது ஒண்ணுதான் உருப்படி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

வீட்டுக்குள்ளும் நான் வேகத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். அவளுடைய அக்கா வந்து போனால் இவளுக்குத் தூக்கம் கெடும். அக்காவை வரவேண்டாம் என்றேன். போன் அடித்தால் பதறுவாள். போனை நான் வைத்துக்கொண்டேன். வேலையை விடச் சொன்னதும் அவள் உடம்புக்காகத்தான். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே வராது.

ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. இனி வர மாட்டேன்."

"வெளியில உன்னால தாக்குப்பிடிக்க முடியாதும்மா."

"இங்கதாங்க முடியல."

அவள் அழவில்லை. நான்தான் பயந்துபோனேன், அதை மறைக்கவில்லை.

பம்பின் மின்கம்பி உறையை உப்புத் தண்ணீர் தின்றிருந்தது. நான் கீறவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றச் சொல்லி அவளே நச்சரித்திருக்கிறாள். உள்ளே நீந்துகிற ஜீவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கையை விடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. நான் ஸ்பாஞ்சைக் கழற்றினேன், அவ்வளவுதான். அவள் பெட்டியை மூடுவதற்குள் ஆணின் வால் பம்பில் சிக்கிவிட்டது. அதற்கு அப்போது வயிறு நிறையக் குஞ்சு.

நான் கூப்பிட்டேன். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தொட்டியில் கை விடுவதென்றால் மற்றவர் சுவிட்சை நிறுத்திவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். கேட்டு, பதில் வந்த பிறகுதான் கை தண்ணீருக்குள் போகும். அந்த அவசரத்திலும் அவள் அதை மறக்கவில்லை. "நிறுத்தியாச்சா?" என்று கேட்டாள்.

அவள் செத்து, பம்பையும் பிடுங்கிப் போட்டாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. முகம் கழுவக் குழாயைத் திறந்தால் கேட்கிறாள். விளக்கைப் போடக் கையை நீட்டினால் கேட்கிறாள். பதில் சொன்னால்தான் ஓய்கிறாள். அதனால் அன்றைக்குச் சொன்னதையே சொல்கிறேன், மெதுவாக, அவள் பயந்துவிடக் கூடாதே என்று.

"ஆச்சும்மா. கைய விடு."