கீழ்த்தட்டு மஞ்சள் லேபிள்

— பன்னெண்டெல்லாம் வேணாம் மாப்ளே. ஒண்ணு எடு, போதும். கிளம்புவோம்.

— அட இருங்க மாமா. பத்து எடுத்தா ரெண்டு சும்மா தர்றானாம். எவ்ளோ பெரிய போர்டு! மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தவர், உங்களுக்கே கண்ணு தெரியலையா?

— தெரியுது. அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'இந்த வாரம் மட்டும்'னு இருக்கறதும் தெரியுது. முப்பத்தஞ்சு வருஷமா ஜனங்களை அந்தக் கடைசி வரியைப் படிக்க வெச்சவன் நான்.

— அதான் சொல்றேன். இந்த வாரத்தை விட்டா போச்சு.

— போன வாரமும் இதே போர்டு இதே இடத்துலதான் இருந்துச்சு.

— உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? சரி, சரக்காவது இதானான்னு பாருங்க. கீழ்த்தட்டு, மஞ்ச லேபிள் போர்பன் விஸ்கி.

— இதேதான். மேல்தட்டுல இருக்கறதெல்லாம் பாட்டிலோட அழகுக்குக் காசு. உள்ள இருக்கறது அதே சோளம், அதே கருக்கின மரப்பீப்பாய். வீட்டுல உக்காந்து குடிக்கிறவனுக்கு இது தாராளம். உங்க அக்கா கண்டுபிடிச்சதுல்ல இது!

— அக்கா ஒரு சொட்டு வாயில வெச்சதில்லையே மாமா.

— வாயில எதுக்கு வைக்கணும்? மூடியைத் திறந்து மோந்து பாத்தா. 'கேக் சுட்ட வீடு மாதிரி வாசனை வருது. இது உங்க ரெண்டு பேருக்கும் ஆகும்'னா. அதோட முடிஞ்சுது. இருவது வருஷம், வேற பாட்டில் நம்ம வாசப்படி ஏறினதில்ல.

— ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இருமல் மருந்து மூடியில அளந்து ஊத்துவா. ஆளுக்கு நாலு மூடி. அஞ்சாவது கேட்டா ஒரு முறைப்பு.

— நீதான் கேப்பே. நான் கேட்டதே இல்ல.

— நீங்க கண்ணாலயே என்னைத் தூண்டி விடுவீங்க. முறைப்பு மட்டும் எனக்கு.

— பழகினவன் நீ, தாங்குவே. அப்புறம் அவளே காரை எடுத்து உன்னை வீட்டுல கொண்டாந்து விடுவா. போற வழியெல்லாம் உனக்குத் திட்டு.

— ஆமா மாமா. சிக்னலுக்கு சிக்னல் திட்டு.

— ம்... சரி, ஒண்ணை எடு.

— சார், டிராலியைக் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நான் இந்தத் தட்டுல அடுக்கணும்.

— இந்தா, தள்ளிட்டேம்மா. இந்த மஞ்ச லேபிள் பன்னெண்டு கிடைக்குமா?

— பெட்டியாவே இருக்கு சார். எடுத்தாரவா?

— எடுத்தாம்மா.

— வேணாம்மா.

— ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க சார். நான் அடுத்த வரிசையிலதான் இருக்கேன்.

— பாத்தீங்களா மாமா, அந்தப் பொண்ணு சிரிக்குது. பன்னெண்டு வாங்கினா உங்களுக்கு என்ன கஷ்டம்?

— எங்க கொண்டுபோய் வைக்கிறது? வீட்டுல இடம் ஏது?

— மூணு ரூம்ல நீங்க ஒரே ஆளு. இடம் இல்லையா?

— வெயில் காலத்துல கெட்டுப்போகும்.

— பீப்பாய்க்குள்ள வருஷக்கணக்கா கிடந்தது, நம்ம வீட்டு வெயிலுக்கா கெடப்போகுது? வேற ஏதாவது நல்ல பொய்யா சொல்லுங்க.

— ஒரே பாட்டிலா குடிச்சு அலுத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ.

— இப்பதான் இருவது வருஷப் பெருமை பேசினீங்க! விடுங்க மாமா, உங்களுக்கு இடமும் வேணாம், கவலையும் வேணாம். பன்னெண்டும் என் வீட்டுல இருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழ நல்ல நிழல்.

— என் சரக்கு உன் வீட்டுல எதுக்கு?

— மாசம் பொறந்தா ஒரு பாட்டில் கொண்டாந்து உங்க கையில குடுத்துடுறேன். வருஷம் பூரா கவலை இல்ல.

— மாசத்துக்கு ஒரு தடவையா?

— போதாதா?

— ஒரே ஒரு தடவைதானா மாப்ளே?

— இதுக்குத்தான் மாமா பயந்தேன். ஒரு பாட்டில்னதும் உங்க முகம் எப்படி விழுந்துபோச்சு பாருங்க. லிப்டுல எட்டு பேர்னு எழுதியிருந்தா எட்டு பேர்தான் ஏறணும். ஒன்பதாவது ஆளு ஏறினா நடுவழியில நின்னுடும். லிப்ட் மெக்கானிக்கா நான் தினம் போய் அதைத்தானே சரி பண்றேன்.

— நான் என்ன லிப்டா?

— ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. நேராவே கேட்டுடுறேன். வெளிய போய் வேன்ல உக்காந்து பேசுவோமா?

— எதுக்கு? இங்க யாரு இருக்கா? கேளு.

— அக்கா இருந்தப்போ மாசத்துக்கு ஒரு பாட்டில். அதுவும் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து. இப்போ வாரத்துக்கு ஒண்ணு காலியாகுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போன். 'மாப்ளே, பாட்டில் முடிஞ்சுது.' நான் வந்து கூட்டிட்டு வர்றேன். வீட்டுக்குப் போனதும் நீங்க நாலு மூடி, நான் வேன் ஓட்டணும்னு டீ. பாட்டில்ல முக்காவாசி அப்படியே இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் காலி.

— எண்ணிட்டா இருந்தே?

— எண்ணாம? அக்கா போய் எட்டு மாசம் ஆச்சு. அதுல கடைசி அஞ்சு மாசமா இதே கதை. உங்க தங்கச்சி வீட்டுல என் உயிரை எடுக்கிறா. 'அண்ணனைப் பாத்துக்கோங்க, அண்ணன் தனியா உக்காந்து குடிச்சே அழிஞ்சுடுவார், கேட்டுட்டு வாங்க'ன்னு. எனக்குத் தூக்கம் வரல மாமா. பெட்டியை என் வீட்டுல வெச்சு, சாவியை நான் வெச்சுக்கலாம்னுதான் இந்த ஆஃபர் கூத்தெல்லாம்.

— தங்கச்சி அப்படிச் சொல்லுச்சா? பாவம். அது கவலைப்படும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.

— அவ இருக்கட்டும், நீங்க சொல்லுங்க.

— நான் குடிக்கல மாப்ளே.

— மாமா...

— சத்தியமா சொல்றேன். நாலு மூடி. அதுவும் நீ வர்ற அன்னிக்கு மட்டும்.

— போன மாசம் கிச்சன் சிங்க் அடைச்சுக்கிச்சுன்னு பைப்பைக் கழட்டினேனே, ஞாபகம் இருக்கா? குப்புன்னு அடிச்சுது போர்பன் வாசனை. நின்ன வாக்குல குடிச்சுட்டு, டம்ளரை அங்கயே கழுவி வைக்கிறீங்கன்னு புரிஞ்சுபோச்சு. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. திரும்பி நின்னுகிட்டேன், நீங்க பாக்கல.

— பைப்புல தண்ணி தெறிச்சுதுன்னு நெனச்சேன்.

— தண்ணி எங்க தெறிச்சுது?

— நீ பத்து நாளைக்கு முன்னாடி என்னைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வெச்சியே, ரிப்போர்ட் வந்துச்சா?

— வந்துச்சு. அதுதான் எனக்குக் குழப்பம். டாக்டரம்மா ரெண்டு தடவை பாத்தாங்க. 'ஈரல் இருவத்தஞ்சு வயசுக்காரனோடது மாதிரி இருக்கு'ன்னாங்க. 'வாரத்துக்கு ஒரு பாட்டில் குடிக்கிறாரு டாக்டர்'னேன். 'அப்போ அவரு யாருக்கோ ஊத்திக் குடுக்கறாரு'ன்னு சிரிச்சுட்டாங்க.

— டாக்டரம்மா கெட்டிக்காரி.

— வீட்டுக்கு யாராவது வர்றாங்களா மாமா? பழைய கடைப் பசங்க, பக்கத்து வீடு, யாராவது வந்து குடிச்சுட்டுப் போறாங்களா? சொல்லுங்க, நான் திட்டமாட்டேன்.

— யாரு வரப்போறா மாப்ளே? பேப்பர்காரன் பேப்பரைக் கேட்லயே செருகிட்டுப் போயிடுறான்.

— பின்ன எங்க போகுது அந்த முக்கால் பாட்டில்?

— ஊத்திடுவேன்.

— எங்க?

— சிங்க்லதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மீதி எவ்ளோ இருந்தாலும் சாய்ச்சுட்டு குழாயைத் திறந்து விட்டுடுவேன். மறுநாள் காலையில உனக்குப் போன்.

— என்னது? மேஜையில ஒரு சொட்டு சிந்தினா துடைச்சு மோந்து பாக்குற ஆளு நீங்க!

— முதல் தடவை மூடியை மூணு தரம் திறந்து திறந்து மூடினேன். உண்மையைச் சொல்லணும்ல? உங்க அக்கா பாத்திருந்தா வீட்டை விட்டே துரத்தியிருப்பா. நல்ல சரக்கு, பாவம். இப்போ பழகிடுச்சு.

— ஏன் மாமா? பிடிக்கலையா? பிடிக்கலன்னா விட்டுட வேண்டியதுதானே? வாரா வாரம் வாங்கி வாரா வாரம் ஊத்தறதுக்கு என்ன பைத்தியமா?

— கோபப்படாதே. அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்குது.

— பாத்தா பாக்கட்டும். சொல்லுங்க.

— உங்க அக்கா போனதுக்கப்புறம் நீ ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திட்டே.

— நிறுத்தல மாமா. அது...

— குறையா சொல்லல. அக்கா இருக்கற வரைக்கும் அது உனக்கு அக்கா வீடு. இப்போ என்ன? முதல் மாசம் காரியம் இருந்துச்சு, வந்தே. ரெண்டாவது மாசம் பேங்க், பேப்பர், கையெழுத்துன்னு நாலு தடவை வந்தே. மூணாவது மாசம் வேலை எல்லாம் முடிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் சுத்தமா முடிச்சுக் குடுத்துட்டே நீ. வேலையில சூரன்.

— கூப்பிட்டிருந்தா வரமாட்டேனா?

— கூப்பிட்டேனே. ஒரு ஞாயித்துக்கிழமை. நாலு மணி ஆச்சு, அஞ்சு ஆச்சு, ஃபேன் சத்தத்தைத் தவிர வீட்டுல ஒண்ணும் இல்ல. உனக்குப் போன் போட்டேன். 'என்ன விஷயம் மாமா?'ன்னு கேட்டே.

— சாதாரணமாத்தானே கேட்டிருப்பேன்.

— சாதாரணமாத்தான் கேட்டே. ஆனா என்கிட்ட விஷயம் ஒண்ணும் இல்லையே மாப்ளே. வீடு சும்மா இருக்கு, வந்து கொஞ்ச நேரம் உக்காருன்னு எப்படிச் சொல்றது? அதெல்லாம் உங்க அக்கா சொல்லுவா. நாம ரெண்டு பேரும் இருவது வருஷத்துல அப்படிப் பேசினதே இல்ல. வாய் வரல. 'பாட்டில் முடிஞ்சுபோச்சு'ன்னுட்டேன்.

— அன்னிக்கு... ஆமா, அன்னிக்கு வந்தேன்.

— கால் மணி நேரத்துல வேனோட வாசல்ல நின்னே. கடைக்குப் போனோம், வந்தோம், டீ போட்டுக் குடிச்சோம். லிப்டுக்குள்ள நாயோட மாட்டிக்கிட்டவன் கதையைச் சொன்னே. ஏழு மணி வரைக்கும் இருந்தே. அன்னிக்குத்தான் உண்மையில பாட்டில் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஞாயிறு வரைக்கும் பொறுமை இல்ல, ஒவ்வொரு தடவையும் வெள்ளிக்கிழமையே நான்தான் முடிச்சு வெச்சேன்.

— மாமா...

— அதான் பன்னெண்டு வேணாங்கிறேன். உன் மாடிப்படிக்குக் கீழ பெட்டி போயிட்டா நீ மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவே. எனக்குச் சரக்கு மிச்சமாகும், என்ன பிரயோஜனம்?

— நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— அந்த ரெண்டு மூணு மாசமும் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டுல இல்ல. உங்க தெருமுனை வரைக்கும் வேனைக் கொண்டாந்து, மெடிக்கல் ஷாப் பக்கத்துல நிறுத்திட்டு, திருப்பிட்டுப் போயிடுவேன். அக்கா இல்லாம அந்த நாற்காலியில வந்து உக்கார எனக்குத் தைரியம் வரல. என்ன சாக்குல உள்ள வர்றதுன்னும் தெரியல. அன்னிக்கும் ஒரு மணி நேரம் அங்கயே நின்னுட்டு அப்பதான் வண்டியைத் திருப்பியிருந்தேன். அதனாலதான் நீங்க பாட்டில் முடிஞ்சுதுன்னதும் கால் மணி நேரத்துல வந்தேன். வீட்டுலேர்ந்து வந்தா நாப்பது நிமிஷம் ஆகும் மாமா, யோசிச்சுப் பாத்தீங்களா?

— ட்ராஃபிக் இல்லைன்னு நெனச்சேன்.

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பைபாஸ்ல, ட்ராஃபிக் இல்ல!

— முட்டாள் நீ. தெருமுனை வரைக்கும் வந்தவன்...

— சிங்க்ல ஊத்தின ஆளு பேசக்கூடாது.

— சரி, சரி. மூக்கைத் துடை. அந்தப் பொண்ணு வருது.

— முடிவு பண்ணியாச்சா சார்? பெட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்லவா?

— மாப்ளே, நீயே சொல்லு. நான் வாயைத் திறக்கல.

— பெட்டி வேணாம்மா. இதே மஞ்ச லேபிள்ல, வர்ற புதன்கிழமையே தீர்ந்துபோற மாதிரி சின்ன பாட்டில் ஏதாவது இருக்கா?